எலி இல்லாத மேஜை

லாரி யார்டில் எல்லோரும் அவளைக் கேமராக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். எடைமேடைக்குப் பக்கத்தில் இரும்புப் படி ஏறிப் போனால் ஒரு தகர அறை. அதில் உட்கார்ந்து ஒன்பது கேமராக்களைப் பார்த்துக்கொண்டிருப்பது அவள் வேலை. வாசல், எடைமேடை, டீசல் பங்க், நாலு குடோன்கள், பின்சுவர், லாரிகள் வரிசை கட்டி நிற்கும் மண்தரை.

அந்த அறைக்குக் கொடுத்திருந்த கம்ப்யூட்டர் ஆபீஸில் கழித்துக்கட்டியது. ஆன் செய்துவிட்டு டீ குடித்து வந்தால்தான் முகத்தைக் காட்டும். ஒன்பது கேமராவையும் ஒன்றாகத் திறந்தால் அப்படியே உறைந்து நிற்கும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு இன்டர்நெட் சென்டரில் இருந்தவள், அதனால் மெஷினைக் கண்டு பயம் கிடையாது. ஒருநாள் எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிட்டு, பழைய மெஷினிலும் ஓடுகிற லினக்ஸ் போட்டாள். அதற்கு மேலே, திரையில் விண்டோக்களை அடுக்கிவைக்கிற ஒரு விண்டோ மேனேஜர், தேடிப் பிடித்ததிலேயே ரொம்பச் சின்னது. ஐகான் இல்லை, மெனு இல்லை, அழகான படம் இல்லை. ஆன் செய்தால் வெறும் கறுப்புத் திரை. திறக்கிற விண்டோக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளாது. தரையில் டைல்ஸ் பதித்த மாதிரி இருக்கிற இடத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்ளும்.

எல்லாமே கீபோர்டில்தான். சிமென்ட் தூசி பட்டு மாசத்துக்கு ஒரு மவுஸ் செத்துக்கொண்டிருந்ததால் அவள் மவுஸையே தூக்கிப் போட்டுவிட்டாள். எடைமேடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, நாலு குடோன்லயும் எலிக்குப் பஞ்சமே இல்ல. உன் மேஜையில மட்டும் ஒண்ணுகூட இல்லையே!"

வேலை இல்லாத மதியங்களில் அவள் அந்த விண்டோ மேனேஜரின் செட்டிங் ஃபைலைத் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக மாற்றிப் பார்ப்பாள். விண்டோக்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியை எடுத்தாள். தலைப்புப் பட்டைகளை எடுத்தாள். எந்த விண்டோவில் வேலை நடக்கிறதோ அதற்கு மட்டும் நூல் அளவுக்கு ஒரு சிவப்பு விளிம்பு வைத்தாள். ஒரு கீ தட்டினால் அந்தக் கேமரா திரை முழுக்க விரியும். இன்னொன்று தட்டினால் மறுபடி ஒன்பதும் வரும். யார்டில் மூட்டை காணாமல் போவது சகஜம் என்பதால், சேர்ந்தாற்போல் மூன்று கீ அழுத்தினால் அந்தக் கேமராவின் கடைசி அரைமணி நேரம் அப்படியே ஆபீஸுக்குப் போய்விடுகிற மாதிரியும் செய்திருந்தாள். போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளமாகத் திரையின் மேல்மூலையில் சின்னதாக ஒரு எண் ஏறும். அவ்வளவுதான். வீட்டில் ஒரு சர்க்கரை டப்பாவைக்கூட அவள் வைத்த இடத்தில் மாமியார் விட்டுவைத்ததில்லை. இந்தத் திரையில்தான் வைத்தது வைத்த இடத்தில் இருந்தது.

மாலை ஷிப்டுக்கு அவள் கொழுந்தன் வருவான். வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பேர். "இது கம்ப்யூட்டரா, கரும்பலகையா அண்ணி?" என்று முதல் வாரம் முழுக்கப் புலம்பினான். விரிக்கிறது, திரும்ப வருகிறது, ஆபீஸுக்கு அனுப்புகிறது என்று மூன்றே மூன்று வேலைக்கான கீயைக் கற்றுக்கொண்டான். மற்றதற்கெல்லாம் அண்ணியைப் போனில் கூப்பிடுவான். ஷிப்ட் இல்லாத நேரத்திலும் யார்டில்தான் கிடப்பான். லோடுமேன்களின் மேஸ்திரிக்கு அவன் வால் மாதிரி. இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே மேஸ்திரிதான்.

மேஸ்திரி உயரமான ஆள். மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கி எப்போதும் இடுப்பில் தொங்கும். முந்தின நாள் ஒரு நரைமுடி டிரைவருக்கும் அவருக்கும் தகராறு. லாரியைப் பின்னால் எடுக்க நேரமானதற்கு மேஸ்திரி அந்த டிரைவரின் செத்துப்போன அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொன்னார். டிரைவர் இறங்கி வந்து, அத்தனை லோடுமேன்கள் முன்னாலும் அவர் சட்டைக் காலரைப் பிடித்து, கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு போய்விட்டார். அவர் பேசாமல் போனதைத்தான் எல்லோரும் அதிசயமாகப் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் மதியம், லோடுமேன்கள் சாப்பிடப் போயிருந்த நேரம். திரையில் மூன்றாம் குடோன் கட்டத்தில் ஏதோ ஆடுவதைக் கண்டு அவள் அதை விரித்தாள்.

நரைமுடி டிரைவர் லாரிக்கும் குடோன் வாசலுக்கும் நடுவில் மண்டியிட்டிருந்தார். தலையிலிருந்து ரத்தம் வழிந்து ஒரு கண்ணை மூடியிருந்தது. மேஸ்திரி ஜாக்கிக் கம்பியை இரண்டு கையாலும் ஓங்கி முதுகில் இறக்கினார். கேமராவில் சத்தம் வராது. வாய் திறப்பதும் உடம்பு மடங்குவதும் மட்டும்தான் தெரிந்தது. டிரைவர் லாரி டயரைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். டயரைப் பிடித்திருந்த கையின்மேல் அடுத்த அடி விழுந்தது. பிறகு மேஸ்திரி கம்பியைக் கீழே போட்டுவிட்டு இடுப்புக் கொக்கியை எடுத்தார். மூட்டையைக் கொத்துவது போலவே, எந்த அவசரமும் இல்லாமல், தோளுக்குக் கீழே கொத்தி இழுத்தார். டிரைவரை அப்படியே தரையோடு தேய்த்துக்கொண்டு குடோனுக்குள் கொண்டுபோனார்.

அவள் ஜன்னலுக்கு ஓடிக் கத்தினாள். கீழே இரண்டு லாரி எஞ்சின்கள் உறுமிக்கொண்டிருந்தன. யாரும் திரும்பவில்லை. திரும்ப ஓடி வந்தாள். அந்தக் கேமராவின் சிவப்பு விளிம்பு திரையைச் சுற்றி நின்றது. அனுப்புகிற கீகளில் இரண்டின்மேல் விரலை வைத்துவிட்டாள். மூன்றாவதற்குச் சுட்டுவிரல் போகும்போதுதான் திரையின் ஓரத்தில் இன்னொரு ஆள் தெரிந்தான். குடோன் தூணை ஒட்டி அவ்வளவு நேரமும் நின்றிருந்தவன். வெளியே வந்த மேஸ்திரி ஏதோ சொல்ல, அவன் கை நீட்டி ஷட்டரைப் பிடித்துக் கீழே இழுத்தான். அந்தக் கட்டம்போட்ட சட்டையைப் போன வாரம்தான் அவள் தேய்த்துக் கொடுத்திருந்தாள்.

சின்னவன்.

விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது. புருஷனின் முகம் வந்தது, மாமியாரின் முகம் வந்தது. அனுப்பினால் இவனும் போவான். அனுப்பாவிட்டால் அந்த ஆள் ஷட்டருக்குள்ளே. போனை எடுக்கலாமா, யாரிடம் என்ன சொல்வது என்று நின்றாளே தவிர, எதையும் அழுத்தவில்லை. இரும்புப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு ஜோடி.

மேஸ்திரி முதலில் வந்தார். பின்னாலேயே வந்த சின்னவன் கதவைச் சாத்தித் தாழ் போட்டான். அவன் உதடு வெளுத்திருந்தது. மேஸ்திரி முகம் கழுவியிருந்தார். காதுக்குப் பின்னால் மட்டும் ரத்தத்தைத் துடைக்க விட்டுப்போயிருந்தது.

"பாத்தியா?"

அவள் திரையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"பாத்திருக்க. சரி, பரவால்ல." கொக்கியை மேஜைமேல் வைத்தார். "லாரி பின்னால வந்துச்சு, ஆள் நடுவுல மாட்டிக்கிட்டாரு. நடந்தது அதான். இந்தப் பொட்டியில இருக்கிறத அழிச்சிடு. கேட்டா கரண்ட் போச்சுன்னு சொல்லு."

"அவரு உயிரோட இருக்காரா?"

"உன்னைக் கேமராவைப் பத்திக் கேட்டேன்."

"அண்ணி, அழிச்சிடுங்க அண்ணி," என்றான் சின்னவன். "ப்ளீஸ். நான் வேற அதுல இருக்கேன்."

"இருக்கேன்னு தெரியும். பாத்தேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னால அழிக்க முடியாது," என்றாள் அவள். "முதல்ல அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க."

மேஸ்திரி அவளைத் தள்ளிவிட்டுத் தானே திரைக்கு முன்னால் குனிந்தார். மேஜைமேல் கையால் துழாவினார். "மவுஸ் எங்கடி?"

"இல்ல."

கீபோர்டில் கைக்கு வந்ததைத் தட்டினார். திரையில் இருந்தது மறைந்து வெறும் கறுப்பு வந்தது. இன்னும் தட்டினார். கறுப்பாகவே இருந்தது. எதைத் தொட்டால் எது வரும் என்று அவருக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. உடைக்கவும் முடியாது. பதிவாகிற டிஸ்க் இரும்புக் கூண்டுக்குள் பூட்டியிருந்தது, அதன் சாவி ஆபீஸில். கூண்டை உடைத்தால் டிரைவர் லாரியில் மாட்டிச் செத்தார் என்பதை எவன் நம்புவான்? நிமிர்ந்து திரும்பியபோது அவர் முகம் மாறியிருந்தது.

அவள் வலது கையைப் பிடித்து இழுத்து, மேஜையின் இரும்பு டிராயரைத் திறந்து, விரல்களை உள்ளே அழுத்தி, முழங்காலால் ஓங்கி மூடினார். எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. அதற்குப் பிறகுதான் வலி வந்தது. வலி வந்தபோது அவளுக்குக் கத்தவும் மூச்சு இல்லை. டிராயரைத் திறந்து மறுபடி மூடினார்.

"மேஸ்திரி! மேஸ்திரி, வேணாம்! எங்க அண்ணி அது!" சின்னவன் அவர் கையைப் பிடித்தான். ஒரே உதறலில் அவன் சுவரில் போய் மோதினான்.

"இப்ப அழி."

அவள் கையை வெளியே எடுத்தாள். நடுவில் மூன்று விரல்கள் வேறு யாருடையவோ போலத் திரும்பியிருந்தன. "எந்தக் கையால அழிக்கச் சொல்ற?" என்று கேட்டாள். அதுவரை அவரை அவள் 'நீ' என்று பேசியதில்லை. "மூணு கீயைச் சேத்து அழுத்தணும். ஒத்தக் கையால எட்டாது."

மேஸ்திரி சின்னவனைப் பார்த்தார். "நீயும் இங்கதானே உக்காருற? வா. அவ சொல்லட்டும், நீ அழுத்து."

சின்னவன் நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் உடைந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் பின்னால் நின்றாள். மேஸ்திரி பக்கத்தில், கொக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"மறுபடி ஒன்பதையும் கொண்டுவா," என்றாள். அவன் தட்டினான். ஒன்பது கேமராவும் வந்தன. "மூணாம் குடோன். விரி." விரித்தான். மூடிக் கிடந்த ஷட்டரும், வாசல் மண்ணில் இழுத்துக்கொண்டு போன தடமும் திரை நிறையத் தெரிந்தன. அவள் மூன்று கீயின் பெயரையும் சொன்னாள். மெதுவாக, ஒவ்வொன்றாக.

"அழிக்கிற கீ அதான்," என்றாள்.

சின்னவனின் விரல்கள் கீபோர்டின்மேல் நின்றன. அவனுக்குத் தெரிந்ததே மூன்று வேலை. அதில் இது ஒன்று. எத்தனையோ தடவை, மூட்டை காணோம் என்று ஆபீஸ் கேட்டபோதெல்லாம் அவனே அழுத்தியதுதான். அவன் கழுத்து விறைப்பதை அவள் பின்னாலிருந்து பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். 'அண்ணி ஏமாத்துறாங்க' என்று ஒரு வார்த்தை. கொக்கி அவள் விலாவுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"என்னடா யோசிக்கிற?" என்றார் மேஸ்திரி.

"ஒண்ணுமில்ல," என்றான் அவன். அழுத்தினான்.

மேல்மூலையில் எண் தோன்றியது. எட்டு. பதினைந்து. இருபத்திரண்டு.

"அது என்ன நம்பரு?"

"அழியுது," என்றாள். "பெரிய ஃபைலு. நூறு வந்தா முடிஞ்சுது."

மேஸ்திரி குனிந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியதும் அவர் தோள் கொஞ்சம் தளர்ந்தது. எண்பதில் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். நூறு வந்து, எண் மறைந்தது. "ம்," என்றார் திருப்தியாக. தான் செய்தது தன் கண்முன்னாலேயே ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்ததை, அது காற்றில் கரைந்துபோனதாக நினைத்து நின்றார். அழிந்ததைக் காட்டச் சொன்னார். அவள் சொல்லச் சொல்லச் சின்னவன் அந்த மணிநேரத்தின் ஃபைலை நிஜமாகவே அழித்து, காலியான இடத்தைக் காட்டினான்.

"கையில என்னன்னு கேட்டா கதவுல நசுங்கிடுச்சுன்னு சொல்லு," என்று மேஸ்திரி கொக்கியை இடுப்பில் மாட்டினார். "உன் கொழுந்தனுக்காகவாவது வாயை மூடிட்டு இரு."

தாழ்ப்பாளில் கை வைத்தார். அப்போது மேஜைமேல் இருந்த போன் அடித்தது.

அவள் எட்டுவதற்குள் அவர் திரும்பி வந்து ரிசீவரை எடுத்துவிட்டார். காதில் வைத்தார். ஆபீஸில் இருக்கும் மேனேஜரம்மாவுக்கு எப்போதும் உரத்த குரல். அந்தச் சின்ன அறையில் எல்லோருக்கும் கேட்டது.

"ஏம்மா, என்னம்மா இது? யாரைப் போட்டு அடிக்கிறாரு மேஸ்திரி? ஐயோ, ரத்தமா அது? நான் போலீஸுக்குச் சொல்லிட்டேன், கேட் வாட்ச்மேனுக்கும் சொல்லிட்டேன், நீ ரூமை விட்டு வெளியே வராத. கேக்குதா? ஏம்மா?"

மேஸ்திரி ரிசீவரை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு சின்னவனைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியும்ல?"

சின்னவன் நாற்காலியிலிருந்து எழவில்லை. "தெரியும்," என்றான்.

கொக்கி அவன் காலர் எலும்புக்கு மேலே இறங்கியது. மேஸ்திரி அதைப் பிடித்து இழுத்தார். நாற்காலியோடு சாய்ந்து தரையில் விழுந்தான் சின்னவன். அவன் போட்ட சத்தம் மனுஷன் போடும் சத்தமாக இல்லை. மேஸ்திரி அவன் மார்பில் காலை வைத்து, கொக்கியைப் பிடுங்கி, மறுபடி ஓங்கினார்.

அவள் சுவரோரம் கிடந்த இரும்பு ஸ்டூலின் காலை இடது கையால் பிடித்தாள். உடைந்த கையின் முழங்கையை அடியில் கொடுத்துத் தூக்கி வீசினாள். மேஸ்திரியின் காதில் பட்டது. அவர் தடுமாறித் திரும்பினார். காலால் அவள் வயிற்றில் உதைத்தார். அவள் சுவரில் மோதி உட்கார்ந்தாள். வாயில் ரத்தம் கரித்தது. அவர் அவளை நோக்கி வரும்போது, கீழே கிடந்த சின்னவன் இரண்டு கையாலும் அவர் காலைக் கட்டிக்கொண்டான். அவன் கையைக் கொக்கியால் கொத்தினார். அவன் விடவில்லை. முகத்தை அவர் கெண்டைக்காலில் புதைத்துக்கொண்டு பற்களால் கடித்தான்.

அவள் எழுந்தாள். ஸ்டூலை எடுத்து முழங்காலைப் பார்த்து அடித்தாள். மேஸ்திரி மரம் மாதிரி விழுந்தார். மேஜை விளிம்பில் தாடை இடித்தது. அவர் கையூன்றி எழப் பார்த்தார். அவள் முகத்தில் அடித்தாள். பல் தெறித்துத் தகரத்தில் பட்டு ஓசை எழுப்பியது. மறுபடி அடித்தாள். டயரைப் பிடித்திருந்த அந்தக் கை ஞாபகம் வந்தது. மறுபடி அடித்தாள். அழுத்தாமல் விட்ட தன் விரல் ஞாபகம் வந்தது. அதற்கும் சேர்த்து அடித்தாள். கொக்கி அவர் கையிலிருந்து எப்போதோ நழுவியிருந்தது. அது தெரிந்துதான் அடித்தாள்.

"போதும் அண்ணி," என்றான் சின்னவன் தரையிலிருந்து. "போதும். செத்துடுவாரு."

அதற்குப் பிறகும் இரண்டு அடி விழுந்தது.

கதவை உடைத்துக்கொண்டு எடைமேடைக்காரரும் வாட்ச்மேனும் உள்ளே வந்தபோது, அவள் ஸ்டூலை நிமிர்த்திப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். "மூணாம் குடோன்," என்றாள். "ஷட்டரைத் தூக்குங்க. ஓடுங்க."

ஓடினார்கள். நரைமுடி டிரைவர் மூட்டை அடுக்கில் சாய்ந்து உட்கார்ந்த வாக்கில் செத்துப்போயிருந்தார். இழுத்துப் போட்ட இடத்திலிருந்து ஷட்டர்வரை அவர் தவழ்ந்து வந்து திரும்பிய தடம் இருந்தது. உள்ளேயிருந்து தட்டியிருக்கிறார். இந்த அறைக்கு அது கேட்டிருக்காது என்று எல்லோரும் அவளிடம் சொன்னார்கள். அவளும் ஆமாம் என்று சொல்லிக்கொண்டாள்.

மேஸ்திரி பிழைத்தார். ஒரு கண் போயிற்று, தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். கோர்ட்டில் அவர் ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமே இல்லை. வீடியோவைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். டிரைவரின் மனைவி அதைப் பார்க்க மாட்டேன் என்று வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்று கேமராக்காரிக்கு இருந்தது. பாதி தூரம் நடந்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

அதே வீடியோவில் ஷட்டரை இழுத்தவனுக்கும் தண்டனை கிடைத்தது. அண்ணியைக் காப்பாற்றினான், போலீஸிடம் எல்லாவற்றையும் சொன்னான் என்பதால் மேஸ்திரிக்கு விழுந்ததைவிடக் குறைவு. மாமியார் அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதுகூடச் சுவரைப் பார்த்துத்தான் வைப்பார். டயர் கடையில் வேலை பார்க்கும் அவள் புருஷன் முதல் மாதம் முழுக்க ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் ஒருநாள், அவள் கைக்கட்டை அவிழ்த்துக் கழுவிவிடும்போது கேட்டான்.

"என் தம்பியை நீ காப்பாத்தியிருக்கலாம்ல?"

"நான் காப்பாத்தத்தாங்க பாத்தேன். விரலை வெச்சிட்டு அழுத்தாம நின்னேன். அழுத்தினது அவன்."

அவன் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தான். கட்டைத் திரும்பச் சுற்றும்போது இறுக்கிவிடாமல் பார்த்துச் சுற்றினான்.

விரல்கள் கூடின, நடுவிரல் மட்டும் மடங்கவில்லை. அவள் வேலைக்குத் திரும்பினாள். ஃபைலைத் திறந்து, நடுவிரல் போக வேண்டிய கீகளையெல்லாம் வேறு இடத்துக்கு மாற்றினாள். இரண்டு நாள் தப்புத் தப்பாகத் தட்டினாள், பிறகு பழகிவிட்டது.

ஜெயிலுக்கு அவள் தனியாகத்தான் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சின்னவன் ஒரு தோளைத் தாழ்த்தியபடி வந்து உட்கார்ந்தான். அம்மா எப்படி இருக்கிறாள், அண்ணன் எப்படி இருக்கிறான் என்று விசாரித்தான். அவள் கையைக் காட்டச் சொல்லிப் பார்த்தான். "மடங்கலையா?" என்றான். "ஒண்ணுதான்," என்றாள்.

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு வந்ததை அவள் கேட்டுவிட்டாள். "அன்னிக்கு நீ தெரிஞ்சுதானே அழுத்தின? உன்னையும் சேத்துத்தான் அனுப்புறோம்னு?"

"தெரிஞ்சுதான் அண்ணி," என்றான். வலையைப் பிடித்துக்கொண்டான். "ஆனா ஷட்டரை இழுத்தப்பவும் தெரிஞ்சுதான் இழுத்தேன். ரெண்டும் இதே கைதான். எல்லாரும் கீயை அழுத்தினதை மட்டும் சொல்லி என்னை நல்லவன்னு சொல்லாதீங்க. எனக்கு அதைக் கேட்டா எரிச்சலா வருது."

"சரி," என்றாள்.

நேரம் முடிந்தது என்று காவலர் வந்து சொன்னார். வெளியே வந்தால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டு அவள் புருஷன் நின்றிருந்தான். வருவதாக அவன் சொல்லவே இல்லை. உள்ளே வரும் தைரியமும் அவனுக்கு இல்லை.

"இளைச்சிட்டானா?" என்று கேட்டான்.

"கொஞ்சம்."

அவன் பைக்கை உதைத்தான். அவள் பின்னால் ஏறி, நல்ல கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.